விளக்குக்கு வராத பூச்சி

(நீலகிரியில் ஒரு நூலக வாசகர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



போன மாதக் கூட்டம் முடிந்தபோது உங்களிடம் ஒரு வேண்டுகோள் வைத்தேன். வீட்டில் கம்பளியை அரிப்பது இதுதான் என்று நீங்கள் சந்தேகப்படும் பூச்சியைப் பிடித்து, ஒரு தீப்பெட்டியில் போட்டு எடுத்து வாருங்கள் என்றேன். இதோ, மேசைமேல் 14 தீப்பெட்டிகள். நீங்கள் வந்து உட்காரும் முன்பே ஒவ்வொன்றையும் திறந்து லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டேன். ஐந்தில் சமையலறைப் பூச்சிகள். மூன்றில் வாசல் விளக்குக்கு வந்த தோட்டத்து விட்டில்கள். ஒன்றில் இராமபாணம். ஒன்றில் ரோமம் அடர்ந்த ஒரு சின்னப் புழு. இரண்டில் சுவரில் தொங்கும் சாம்பல் நிறக் கூடுகள். கம்பளியையே நம்பிப் பிழைக்கும் அந்துப்பூச்சி மீதி இரண்டு பெட்டிகளில்தான் இருக்கிறது.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. நானே இந்தத் தவறைச் செய்து, அதற்குப் பெரிய விலை கொடுத்தவன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் தந்தை ராணுவத்தில் இருந்தவர். ஸ்ரீநகரில் பணியாற்றிய காலத்தில் அம்மாவுக்கு ஒரு பஷ்மினா சால்வை வாங்கி வந்தார். அம்மா அதை மூன்று நான்கு கல்யாணங்களுக்குத்தான் போர்த்தியிருப்பார். அவர் காலமான பிறகு சால்வை டிரங்குப் பெட்டிக்குள் போனது. பெட்டியைத் திறக்க எங்களுக்கு மனம் வரவில்லை. ஒரு மழைக்காலத்தில் வீட்டுக் கூடத்தில் வைக்கோல் நிறத்தில் சின்னச் சின்னப் பூச்சிகள் தென்பட்டன. ஊரிலிருந்து அண்ணன் அனுப்பிய நெல்லும் மக்காச்சோளக் கதிரும் அப்போது வீட்டில் இருந்தன. ‘நெல்லில் அந்து விழுந்துவிட்டது’ என்று முடிவு கட்டினேன். மூட்டையை வெயிலில் கொட்டினோம், புடைத்தோம், டப்பாக்களைக் கழுவினோம். பூச்சி குறையவில்லை. மூன்று மாதம் சமையலறையையே சுற்றிச் சுற்றி வந்தேன். பிறகு ஒரு நாள் டிரங்குப் பெட்டியைத் திறந்தபோது சால்வையைத் தூக்கவே முடியவில்லை. மடிப்பு மடிப்பாகக் கையோடு பிரிந்து வந்தது. நான் கல்லூரியில் விலங்கியல் கற்பித்துக்கொண்டிருந்த காலம் அது.

பூச்சியின் பெயர் எனக்கு முதல் நாளே தெரிந்திருந்தால் நேராகப் பெட்டிக்குப் போயிருப்பேன். எந்தக் கதவைத் திறக்க வேண்டும் என்பதை அந்தப் பெயர் சொல்லியிருக்கும். இன்றைக்கு நான் பேச வந்தது இது ஒன்றைத்தான்.

அப்படி ஏமாறுவதற்குக் காரணம் உண்டு. நம் மொழியில் ‘அந்து’ என்றால் முதலில் நெல்லில் விழும் பூச்சிதான். ஸைட்டோட்ரோகா சிரியலெல்லா என்பது அதன் அறிவியல் பெயர். நெல்லுக்குள் புகுந்து மாவைத் தின்று, வட்டமாக ஒரு துளை போட்டு வெளியே வரும். துணிப்பெட்டியில் போடும் வெள்ளை உருண்டைக்கும் அந்துருண்டை என்றுதான் பெயர். ஒரே சொல் இரண்டு பூச்சிகளுக்கும் நிற்கிறது. பார்வைக்கும் இரண்டும் அக்காள் தங்கை போலத்தான். இரண்டும் வைக்கோல் நிறம், இரண்டும் ஒரு நெல்மணி நீளம், இரண்டுக்கும் இறக்கையின் ஓரத்தில் மெல்லிய குஞ்சம்.

வித்தியாசம் தலையில் இருக்கிறது. ஒரு பத்து மடங்கு லென்ஸ் போதும். நெல் அந்துக்குத் தலை மொழுமொழுவென்று வழவழப்பாக இருக்கும். முகத்தின் முன்னால் இரண்டு உறுப்புகள் கொம்பு போல மேல்நோக்கி வளைந்து நிற்கும். துணி அந்துக்கோ, தலையில் செம்பொன் நிறத்தில் ரோமம் சிலிர்த்துக்கொண்டு நிற்கும், எண்ணெய் காணாத பரட்டைத் தலை மாதிரி. டினியோலா பிஸ்செலியெல்லா என்பது இதன் பெயர். உலகம் முழுவதும் கம்பளித் துணிக்கு முதல் எதிரி இதுதான். இறக்கைகளில் புள்ளியோ கோடோ கிடையாது. மங்கிய தங்கக் காகிதம் போல ஒரே நிறம். உங்கள் பூச்சியின் இறக்கையில் பட்டையோ கண் போன்ற வட்டமோ இருந்தால் அது இதுவல்ல.

லென்ஸ் இல்லாதவர்கள் அதன் நடத்தையைப் பாருங்கள். விட்டில் பூச்சி விளக்கைத் தேடி வரும் என்பது குழந்தைக்கும் தெரியும். துணி அந்து விளக்குக்கு வராது. வெளிச்சம் பட்டால் ஓடும். நான் சொல்வது பறப்பதை அல்ல, கால்களால் ஓடுவதை. ஒரு ஸ்வெட்டரை உதறினால் அது மேலே கிளம்பாமல் அடுத்த மடிப்புக்குள் குடுகுடுவென்று ஓடி ஒளியும். பெண் பூச்சி பெரும்பாலும் நடக்கும், தத்தும். அறைக்குள் தாழ்வாகத் தள்ளாடிப் பறப்பவை அநேகமாக ஆண்கள். அதனால், நீங்கள் கைதட்டிக் கொல்லும் பூச்சி பெரும்பாலும் முட்டையிடாத பூச்சி. அது செத்ததும் மனம் ஆறுகிறது. பீரோவுக்குள் இருக்கும் அதன் ஜோடி முட்டையிட்டுக்கொண்டே இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இறக்கை முளைத்த துணி அந்து எதையுமே தின்பதில்லை. அதற்குத் தின்னும் வாயே இல்லை. புழுப் பருவத்தில் சேர்த்த சத்தில்தான் அது மிச்ச நாட்களை ஓட்டுகிறது. துணியைத் தின்பது புழு. பெண் பூச்சி ஏறக்குறைய 40, 50 முட்டைகள் இடும், சில சமயம் அதைவிட அதிகம். முட்டை கசகசாவைவிடச் சிறியது. நூலிழைகளுக்கு நடுவே வைத்துவிட்டால் கண்ணுக்குப் படாது. பொரிந்து வரும் புழு பால் வெள்ளை, தலை மட்டும் பழுப்பு. வெப்பமும் ஈரமும் உள்ள இடத்தில் இரண்டு மாதத்தில் ஒரு தலைமுறை முடிந்துவிடும். நம் மலைக் குளிரில் அதன் வளர்ச்சி தாமதப்படும், நிற்காது. இரண்டு வருடம்கூடப் புழுவாகவே காத்துக் கிடக்கும். ‘ஊட்டிக் குளிரில் பூச்சி வராது’ என்று என்னிடம் சொன்னவர்கள் பலர். இங்கேதான் எல்லா வீட்டிலும் கம்பளி இருக்கிறது என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

புழு பட்டு போன்ற இழையை நூற்று, துணிமேல் ஒரு குழாய் கட்டி, அதற்குள் இருந்துகொண்டு மேயும். அந்த இழைகளுக்கு நடுவே ரவை ரவையாக அதன் எச்சம் கிடக்கும். எச்சத்தின் நிறத்தைக் கவனியுங்கள். சிவப்புக் கம்பளி தின்ற புழுவின் எச்சம் சிவப்பு, பச்சை தின்றால் பச்சை. சாயம் செரிக்காமல் அப்படியே வெளியே வந்துவிடுகிறது. பிரான்சில் ரெயோமூர் என்ற அறிஞர் 1730-களிலேயே இதைச் சோதித்துப் பார்த்தார். கூடு கட்டும் வகைப் புழுக்களை வெவ்வேறு நிறத் துணிகள்மேல் மாற்றி மாற்றி விட்டார். புழு தன் கூட்டை நீட்டிக்கொண்டே போனதால், ஒரே கூட்டில் நிறம் நிறமாகப் பட்டைகள் விழுந்தன. பீரோ தட்டில் நிறத் துகள் கிடந்தால், மேலே அதே நிறத்தில் என்ன துணி இருக்கிறது என்று தேடுங்கள். புழு முகவரி எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறது.

அந்தக் கூடு கட்டும் வகை, டினியா பெல்லியோனெல்லா. இதன் பூச்சி சாம்பல் கலந்த பழுப்பு. முன்னிறக்கையில் மூன்று மங்கலான கரும்புள்ளிகள் இருக்கும். வயதான பூச்சியில் செதில் உதிர்ந்து புள்ளி அழிந்திருக்கலாம், ஆகவே புள்ளியை மட்டும் நம்பாதீர்கள். புழுவைப் பாருங்கள். தின்னும் துணியின் இழையாலேயே ஒரு உறை கட்டி, அதைப் போகுமிடமெல்லாம் இழுத்துக்கொண்டு போகும். உறைக்கு இரண்டு பக்கமும் வாசல் உண்டு.

இதைச் சொன்னதும் சமவெளிக்காரர்களுக்குக் குளியலறைச் சுவர் ஞாபகத்துக்கு வரும். வெள்ளரி விதை போலத் தட்டையாக, சாம்பல் நிறத்தில், மணலும் சுண்ணாம்புத் தூளும் ஒட்டிய ஒரு கூடு, மெல்ல மெல்லச் சுவரில் ஏறுமே, அதுதான். இரண்டு தீப்பெட்டிகளில் வந்திருப்பதும் அதுவே. பெரியோகா என்ற பேரினத்தைச் சேர்ந்தது, மேலே சொன்ன இரண்டுக்கும் உறவு. அதன் முக்கிய உணவு பழைய சிலந்தி வலை, செத்த பூச்சி, உதிர்ந்த முடி. கம்பளி கிடைத்தால் அதையும் விடாது. ஆனால் சுவரில் அது தென்பட்டதற்காகப் பீரோவுக்கெல்லாம் மருந்தடிக்க வேண்டியதில்லை. ஒட்டடை அடியுங்கள், பீரோவுக்குப் பின்னால் பெருக்குங்கள், போதும். பழைய வீடுகளில் பெண்கள் வாரிய முடியைச் சுருட்டி, சவுரிக்கு ஆகுமென்று சுவர்ப் பொந்திலும் ஓட்டு இடுக்கிலும் செருகி வைப்பார்கள். இந்தக் குடும்பத்துப் புழுக்களுக்கு அது நல்ல தீனி.

மூன்றாவதாக, திரைச்சீலை அந்து என்று சொல்லலாம், ட்ரைக்கோபாகா டபெட்செல்லா. அளவில் பெரியது. இறக்கையின் அடிப்பாகம் கரும்பழுப்பு, மீதி வெண்மை. ஈரம் ஏறிய கொட்டகைகளிலும் வண்டி நிறுத்துமிடத்திலும் கிடக்கும் கம்பளங்களில் பார்க்கலாம். அவ்வளவு போதும் அதைப் பற்றி.

ஏன் கம்பளி? ஆட்டு ரோமம், நம் முடி, நகம், இறகு எல்லாம் கெரட்டின் என்ற புரதத்தால் ஆனவை. கந்தக அணுக்கள் ஒன்றோடொன்று கைகோத்துப் பூட்டுப் போட்ட புரதம் அது. அந்தப் பூட்டை உடைக்க நம் வயிற்றால் முடியாது. ஒரு முடியை விழுங்கினால் முடியாகவே வெளியே போகும். துணி அந்தின் புழு உடைக்கிறது. கோபன்ஹேகனில் லிண்டர்ஸ்ட்ரோம்-லாங்கும் டுஸ்பிவாவும் 1935-இல் அதன் குடலை ஆராய்ந்தார்கள். குடல் கடுமையான காரத்தன்மை கொண்டது. அங்கே கந்தகப் பூட்டுகள் முதலில் அறுகின்றன. பிறகு நொதிகள் புரதத்தைத் துண்டாக்குகின்றன. நாம் வெறுக்கும் இந்தச் சின்னப் புழு செய்யும் வேதியியல் எனக்கு இன்றும் வியப்பு. காட்டில் செத்த விலங்கின் ரோமத்தையும் பறவைக் கூட்டின் இறகையும் மண்ணாக்குவது இதன் வேலை. நம் வீட்டுக்குள் அந்த ரோமத்தைச் சால்வையாக்கி மடித்து வைத்தது நாம்.

கெரட்டின் மட்டும் அதற்குப் போதாது. உப்பும் வைட்டமினும் வேண்டும். அவை வியர்வையிலும் குழம்புக் கறையிலும் கிடைக்கின்றன. அதனால்தான் கழுத்துப் பட்டி, அக்குள், சாப்பிடும்போது மடியில் விழுந்த கறை இருக்கும் இடம் ஆகியவை முதலில் ஓட்டையாகின்றன. ‘ஒரே ஒரு தடவைதானே போட்டது’ என்று துவைக்காமல் உள்ளே வைக்கும் ஸ்வெட்டருக்குத்தான் ஆபத்து அதிகம்.

பருத்தியை இது உணவாகத் தின்பதில்லை. பவானி ஜமக்காளத்தில் ஓட்டை இருந்தால் குற்றவாளியை வேறிடத்தில் தேடுங்கள், எலியோ கரையானோ இராமபாணமோ. நம் தோடர்கள் போர்த்தும் பூத்துக்குளியும் பருத்தித் துணிதான். அதில் போட்ட பூவேலையின் நூல் கம்பளியாக இருந்தால், பூவேலை போகும், துணி நிற்கும். பட்டு கெரட்டின் அல்ல. கம்பளி அளவுக்குச் சத்து அதில் இல்லை. ஆனாலும் வியர்வை படிந்த பட்டைப் புழு விட்டு வைக்காது. துணி எது என்று தெரியாவிட்டால் ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவி நெருப்பில் காட்டுங்கள். முடி கருகும் நாற்றம் வந்து, சாம்பல் விரலில் நொறுங்கினால் கம்பளியோ பட்டோ. காகிதம் எரியும் வாசனை வந்தால் பருத்தி. உருகி மணியாகத் திரண்டால் செயற்கை இழை.

கம்பளங்களுக்கு வருகிறேன். கையால் முடிச்சிட்ட கம்பளங்கள் பலவற்றில் அடித்தறி நூல் பருத்தி, மேலே நிற்கும் முடிச்சு கம்பளி. புழு கம்பளியை மட்டும் மேய்ந்துவிட்டுப் பருத்தியை விட்டுவிடும். ஆடு மேய்ந்த புல்வெளி போல, அடித்தறி மட்டும் பல் இளித்துக்கொண்டு தெரியும். இந்தத் தடயத்தைப் பார்த்தபின் வேறு சாட்சி தேவையில்லை. நடுக்கூடத்தில், கால் படும் இடத்தில் இதைப் பார்க்க மாட்டீர்கள். சோபாவுக்கு அடியில், கட்டிலுக்கு அடியில், சுவரோரம், மடித்து வைத்த மூலையில்தான் இருக்கும். சோபாவைக் கடைசியாக எப்போது நகர்த்தினீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். பியானோவும் ஆர்மோனியமும் இருப்பவர்கள் உள்ளே இருக்கும் ஃபெல்ட் துணியையும் பாருங்கள்.

ரோமப் புழு ஒன்று வந்திருக்கிறது என்றேனே, அதைக் கொண்டுவந்த அம்மா ‘கம்பளிப்பூச்சி’ என்று பெட்டிமேல் எழுதியிருக்கிறார். உடம்பைப் பார்த்தால் பொருத்தமான பெயர்தான். ஆனால் அது அந்துப்பூச்சியின் குட்டியே அல்ல. கம்பள வண்டின் புழு அது. அந்தின் புழு வழுவழுப்பாகவும் வெள்ளையாகவும் இருக்கும். வண்டின் புழு பழுப்பாக, ரோமம் மூடியிருக்கும். அந்து தின்ற இடத்தில் நூலாம்படை போன்ற இழையும் எச்சமும் கிடக்கும். வண்டு தின்ற இடத்தில் இழை இருக்காது. சுத்தமான ஓட்டையும், புழு உரித்துப்போட்ட சட்டைகளும் கிடக்கும். வளர்ந்த வண்டு பூந்தேனுக்கும் மகரந்தத்துக்கும் போகும், அதனால் அதை ஜன்னல் விளிம்பில் பார்க்கலாம். உருண்டையாக, கடுகைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கும். ஜன்னல் விளிம்பு அதன் வாசல்.

பெரிய மாளிகைகளுக்கும் இந்தத் தொல்லை இருக்கிறது. இங்கிலாந்தின் வரலாற்றுக் கட்டடங்களைப் பராமரிக்கும் இங்கிலீஷ் ஹெரிட்டேஜ் அமைப்பு, தன் பொறிகளில் துணி அந்து பெருகுவதைக் கண்டு, 2017-இல் பொதுமக்களிடமே பொறிகளைக் கொடுத்து எந்த வகை விழுகிறது என்று சொல்லச் சொன்னது. 2021-இல் நார்ஃபோக்கில் உள்ள பிளிக்லிங் மாளிகையில், பெருந்தொற்றில் வீடு பூட்டிக் கிடந்த காலத்துக்குப் பிறகு, டிரைக்கோகிரம்மா என்ற ஒட்டுண்ணிக் குளவிகளை விட்டுப் பார்த்தார்கள். அரை மில்லிமீட்டர்கூட நீளமில்லாத அந்தக் குளவி அந்தின் முட்டைக்குள் தன் முட்டையை வைக்கும். நம் ஊர்க் கரும்பு விவசாயிக்கு இந்தப் பெயர் புதிதல்ல. தண்டுத் துளைப்பானுக்கு எதிராக வயலில் கட்டும் முட்டை அட்டையில் இருப்பது அதே பேரினத்துக் குளவிதான். அந்த அட்டையைத் தயாரிப்பது எதன் முட்டையில் தெரியுமா? அரிசியிலும் ரவையிலும் கூடு பின்னும் கார்சைரா அந்தின் முட்டையில். ஐந்து தீப்பெட்டிகளில் வந்திருப்பது அதுதான். சமையலறையில் அதை வெறுக்கிறோம், பண்ணை ஆய்வுக்கூடத்தில் அதைத் தவிடும் கம்பும் போட்டு வளர்க்கிறார்கள்.

இனி என்ன செய்வது. முதல் வேலை, வெளியே எடுத்துப் போடுவது. வெயிலில் விரித்து, மடிப்பு, பாக்கெட், தையல் எல்லாம் பிரித்துத் துலக்குங்கள். தூரிகை முட்டையையும் புழுவையும் தட்டிவிடும், வெளிச்சம் பட்டால் புழு துணியைவிட்டு விலகும். வேக்யூம் கிளீனர் இருந்தால் கம்பளத்தின் அடிப்புறத்தையும் உறிஞ்சி, அந்தப் பையை உடனே வெளியே போடுங்கள். சிறிய துணிகளுக்குக் குளிர் நல்ல மருந்து. பாலித்தீன் பையில் இறுக்கிக் கட்டி, மைனஸ் 18 டிகிரி செல்சியஸில் இரண்டு வாரம் வையுங்கள். பழைய ஒற்றைக் கதவுக் குளிர்பெட்டியின் ஐஸ் அறை அந்த அளவுக்குக் குளிராது. வெளியே எடுத்தபின் ஒரு நாள் முழுக்கப் பையைப் பிரிக்காதீர்கள், இல்லாவிட்டால் துணிமேல் நீர் கோத்துவிடும். பசை தடவிய பொறிகள் கடையில் கிடைக்கின்றன. பெண் பூச்சியின் வாசனையை வைத்து ஆண்களை இழுப்பவை அவை. பூச்சி இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளத்தான் அவை உதவும்.

அந்துருண்டை பற்றி ஓர் எச்சரிக்கை. இறுக்கமாக மூடிய பெட்டியில் நாப்தலின் ஆவி நிறைந்தால்தான் பூச்சி சாகும். அலமாரியில் இரண்டு உருண்டை உருட்டிவிட்டால் நமக்குத்தான் தலைவலி. அந்த ஆவி காற்றைவிடக் கனமானது, ஆகவே துணிக்கு அடியில் வைப்பதில் பயனில்லை, மேலே வைக்க வேண்டும். இதைவிட முக்கியம்: பிறந்த குழந்தைக்கு எடுத்து வைத்த பழைய சேலை, ஸ்வெட்டர், குல்லா இருக்கும் பெட்டியில் அந்த உருண்டையைப் போடவே போடாதீர்கள். ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு நாப்தலின் ஆவி பட்டால் சிவப்பணுக்கள் உடைந்து கடும் மஞ்சள்காமாலை வரும். குறைபாடு இருப்பது அதற்கு முன் யாருக்கும் தெரிந்திருக்காது.

வாசனைகளை நம்பும் வழக்கம் பழையது. காஷ்மீரில் சால்வைக்கு நடுவே வைத்த குட் என்ற வேர், நம் நாட்டு மருந்துக் கடையில் கோஷ்டம் என்ற பெயரில் கிடைப்பதுதான். 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்குப் போன இந்தியச் சால்வைகளைப் பச்சோலி இலை வைத்துக் கட்டினார்கள். அந்த மணம் இல்லாவிட்டால் அசல் சால்வை இல்லை என்று அங்கே நினைக்கும் அளவுக்கு அது பழகிவிட்டது. வேப்பிலையோ வசம்போ வைப்பதில் எனக்குத் தடையில்லை. ஆனால் ஏற்கெனவே உள்ளே இருக்கும் புழுவை அவை வெளியேற்றும் என்று நினைத்துப் பெட்டியைத் திறக்காமல் இருந்துவிடாதீர்கள். என் அம்மாவின் பெட்டியில் வேப்பிலை இருந்தது.

தீப்பெட்டிகளைத் திறந்தே வைத்திருக்கிறேன். எண் 6, எண் 11, இந்த இரண்டில்தான் துணி அந்து. ஆறாவதில் இருப்பது இன்னும் உயிரோடு, ஓரத்தில் ஒட்டிக்கொண்டு ஓடுகிறது. பக்கத்திலேயே ஒரு நெல் அந்தும் வைத்திருக்கிறேன். லென்ஸ் ஒன்றுதான் இருக்கிறது, வரிசையாக வாருங்கள். முதலில் தலையைப் பாருங்கள்.